தோல் சோபா எத்தனை ஆண்டு உழைக்கும்? எண்ணெய் தடவுவதா, எண்ணெயைத் துடைப்பதா?

கேள்வி: மூன்று பேர் அமரும் தோல் சோபா. வாங்கி 6 ஆண்டு ஆகிறது. தலை சாயும் இடம் பிசுபிசுக்கிறது, கைப்பிடியில் நிறம் போய்விட்டது, எப்போதும் உட்காரும் இருக்கை குழிந்துவிட்டது. தோல் சோபாவின் ஆயுளே இவ்வளவுதானா? எண்ணெயோ கண்டிஷனரோ (தோலை மென்மையாக்கப் பூசும் கிரீம்) தடவினால் பழைய நிலைக்கு வருமா?

பதில்:

நல்ல தோல் 6 ஆண்டில் போய்விடாது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூடத் தோலுக்கு வந்ததல்ல. பிசுபிசுப்பும் நிற இழப்பும் தோலின் மேலிருக்கும் பூச்சில் நடப்பவை. குழி விழுந்தது உள்ளே இருக்கும் ஃபோமில். முதல் இரண்டுக்கும் மூலகாரணம் எண்ணெய்தான்: தலைமுடியிலிருந்தும் கையிலிருந்தும் நாள்தோறும் இறங்கும் எண்ணெய். அதற்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுவது நிலைமையை மோசமாக்கும். எனவே கண்டிஷனர் டப்பாவை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு சோபாவுக்கு நான்கு ஆயுள் உண்டு: தோலுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று, ஃபோமுக்கு ஒன்று, மரச்சட்டத்துக்கு ஒன்று. இந்த நான்கும் ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் போவது பெரும்பாலும் ஃபோம், அடுத்தது பூச்சு. தோலும் சட்டமும் நன்றாக இருக்கும்போதே சோபாவைத் தூக்கி எறிபவர்கள்தான் அதிகம்.

எது தோல், எது தோல் இல்லை

ஆயுள் கணக்கு முதலில் இங்கேதான் பிரிகிறது. பதனிட்ட மாட்டுத் தோலைக் கிடைவாக்கில் பிளந்து ஏடுகளாக்குவார்கள். மயிர் இருந்த பக்கத்து மேல் ஏட்டில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும். சதைப் பக்கம் போகப் போக நார் தளரும். சோபாவுக்கு வேண்டியது அந்த மேல் ஏடுதான், ஏறக்குறைய 0.9 முதல் 1.3 மில்லிமீட்டர் தடிமனில்.

மேல் ஏட்டுக்குச் சாயம் மட்டும் ஏற்றி, நிறமிப் பூச்சு எதுவும் கொடுக்காமல் விட்டால் அது அனிலைன் தோல். தொட மெத்தென்று இருக்கும், மயிர்க்கால்கள் தெரியும், ஆனால் கறையையும் எண்ணெயையும் உடனே குடித்துவிடும். தழும்புகளை மறைக்க மேற்பரப்பைத் தீட்டி, நிறமி கலந்த பூச்சு அடித்து, மேலே ஒரு பாதுகாப்புப் படலமும் கொடுத்தால் அது பிக்மென்ட் தோல். வீடுகளில் இருக்கும் தோல் சோபாக்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இரண்டுக்கும் நடுவில், மெல்லிய பூச்சோடு, செமி அனிலைன்.

தினசரிப் புழக்கத்தில், ஓரளவு பராமரிப்போடு, நல்ல மேல் ஏட்டுத் தோல் 15 முதல் 25 ஆண்டு வரை தாங்கும். பிக்மென்ட் தோலின் பூச்சு அதில் 8 முதல் 12 ஆண்டுவாக்கில் ஒருமுறை புதுப்பிக்கக் கேட்கலாம். கீழ் ஏட்டின்மேல் தடித்த பிளாஸ்டிக் படலம் ஒட்டிச் செய்யும் ஸ்ப்ளிட் தோல் 5 முதல் 8 ஆண்டு. தோல் கழிவைப் பொடியாக்கிப் பசையோடு சேர்த்துத் துணியில் பரப்பி மேலே பாலியூரித்தேன் படலம் ஒட்டியது பாண்டட் லெதர். பெயரில் தோல் இருந்தாலும் 2 முதல் 5 ஆண்டில் செதில் செதிலாக உரியும். ரெக்ஸினில் பாலியூரித்தேன் வகை பொதுவாக 3 முதல் 7 ஆண்டு. பிவிசி வகை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் கலவை மெல்ல வெளியேறியதும் விறைத்து வெடிக்கும்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க மோந்து பார்த்துப் பயனில்லை, தோல் வாசனையை எதிலும் ஏற்றலாம். இருக்கை மெத்தையின் பின்பக்கம் ஜிப் இருந்தால் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். பஞ்சு கிளம்பிய நார்ப்பரப்பு இருந்தால் தோல். நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் ரெக்ஸின் அல்லது பாண்டட். ஜிப் இல்லாவிட்டால் சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள், அடித்துணியின் ஓரத்தில் ஸ்டேப்பிள் அடித்த இடத்தில் வெட்டு முனை தெரியும். பூச்சு ரகம் தெரிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சிக் கருத்தால் அனிலைன். முத்தாக நின்றால் பிக்மென்ட்.

இன்னொன்றும் கவனியுங்கள். உடம்பு படும் இடங்களில் மட்டும் தோல் போட்டு, பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் அதே நிறத்து ரெக்ஸின் போட்ட சோபாக்கள் ஏராளம். அதில் தவறு ஒன்றுமில்லை, விலை குறைக்கும் வழி. ஆனால் ஐந்தாறு ஆண்டில் முதுகு உரிந்தால் "தோல் உரிந்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம். உரிந்தது தோலே அல்ல.

பூச்சு ஏன் போகிறது

பிக்மென்ட் தோலில் நீங்கள் தொடுவது தோலை அல்ல, அதன் மேலுள்ள படலத்தைத்தான். அது மிக மெல்லியது. ஐரோப்பியப் பெயர் வரையறைப்படி 0.15 மில்லிமீட்டருக்கு மேல் பூச்சு இருந்தால் அதை வெறுமனே "தோல்" என்று விற்கக்கூடாது, "பூச்சுத் தோல்" என்று சொல்லியாக வேண்டும். அந்த 0.15 மில்லிமீட்டருக்குள்தான் நிறமும் பளபளப்பும் பாதுகாப்பும் எல்லாம்.

மனித உடம்பின் எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை இந்தப் படலத்துக்குள் மெல்ல ஊறி அதை இளக்குகின்றன. முதலில் அந்த இடம் மங்கி லேசாகக் கருக்கும். அடுத்து ஒட்டும். அதன் பிறகு விரலால் தேய்த்தால் அழுக்கு உருளுவதுபோல் நிறமே உருண்டு வரும். தலை சாயும் இடமும் கைப்பிடியின் முனையும் முதலில் போவதற்கு இதுதான் காரணம். தலைக்குத் தடவும் எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம், வெயில் காப்புக் களிம்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் விரைவு. கைக்குப் போடும் சானிடைசரில் பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உண்டு. ஈரக்கையோடு கைப்பிடியைப் பிடித்தால் அது பூச்சின்மேல் நேரடியாக வேலை செய்யும். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீம் பட்ட இடம் வெளுத்தே போகும். அது கறை அல்ல, நிறம் அழிந்தது. எதைக் கொண்டு துடைத்தாலும் திரும்பாது.

இருக்கையின் முன்விளிம்பில் வரும் மெல்லிய வெடிப்புகளின் கதை வேறு. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்த விளிம்பு மடிந்து விரிகிறது. மடிப்பில் தங்கிய நுண்மணல் உப்புத்தாள்போலப் பூச்சை அராவுகிறது. பலர் இதைக் கண்டு "தோல் வறண்டுவிட்டது" என்று எண்ணெய் தேடுகிறார்கள். வாரம் ஒருமுறை தூசி எடுத்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது.

"தோலுக்குத் தீனி போட வேண்டும்" என்ற நம்பிக்கை குதிரைச் சேணமும் வேலைக்காலணியும் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. அவை தாவரச் சாறில் பதனிட்ட, பூச்சில்லாத தோல்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து எண்ணெய் இழப்பவை. சோபாத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மென்மைக்கான கொழுப்பைப் பதனிடும் உருளையிலேயே நாருக்குள் ஏற்றிவிடுகிறார்கள், அது அறைச் சூழலில் எளிதில் ஆவியாகிப் போவதில்லை. போகக்கூடியது ஈரப்பதம்தான். அதைக் காக்க அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். மேலும், நீரே இறங்காத பூச்சுக்குள் கண்டிஷனர் எப்படி இறங்கும்? அது மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும்.

அதற்காகக் கண்டிஷனர் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அனிலைன் தோலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லிய கிரீம் உண்மையில் பயன்தரும். பிக்மென்ட் தோலுக்கு நீர் அடிப்படையிலான பாதுகாப்புக் கிரீம் ஒரு தியாகப் படலமாக நின்று, அழுக்கும் ஜீன்ஸ் சாயமும் நேராகப் பூச்சில் ஒட்டாமல் தடுக்கும். ஆனால் சுத்தம் செய்த பிறகுதான் அதற்கு இடம். அழுக்கின்மேல் பூசினால் அழுக்கைப் பூட்டி வைத்ததுபோல் ஆகும்.

செய்ய வேண்டியது

வாரம் ஒருமுறை: வாக்குவம் கிளீனரில் மென்மையான தூரிகை முனை மாட்டி, மெத்தைகளை எடுத்துவிட்டு இடுக்குகளையும் தையல் ஓரங்களையும் உறிஞ்சுங்கள். வெறும் பிளாஸ்டிக் முனை கீறும். பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: தலை சாயும் இடம், கைப்பிடி, இருக்கையின் முன்விளிம்பு, இந்த மூன்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, அந்த அளவு ஈரம் போதும். உப்பு நீராக இருந்தால் வெள்ளைத் திட்டு படியும், காய்ச்சி வடித்த நீர் நல்லது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை: முழுச் சுத்தம். தோலுக்கான நுரை கிளீனர் மூன்று இருக்கை சோபாவுக்கு 60 முதல் 100 மில்லி ஆகும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி அமிலகாரச் சமநிலை உள்ள குழந்தை ஷாம்பு கலந்து, நுரையை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். ஸ்பாஞ்சில்தான் நுரை எடுக்க வேண்டும், சோபாவின்மேல் நேராக ஊற்றக் கூடாது. ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை ஒரு பலகமாக வட்டமாகத் தேயுங்கள். பலகத்தின் நடுவில் நிறுத்தினால் நீர்க்கோடு விழும். அழுக்கு நுரையை வெள்ளைத் துணியால் எடுத்து, இன்னொரு ஈரத்துணியால் மிச்சத்தைத் துடைத்து, நிழலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யலாம், ஆனால் ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பாதுகாப்புக் கிரீம், மூன்று இருக்கைக்கு 50 மில்லி போதும். 20 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். எந்தப் பொருளையும் முதலில் மெத்தைக்கு அடியில் ஒரு மூலையில் தடவி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டே மேலே வர வேண்டும்.

மேலே சொன்னதெல்லாம் வழவழப்பான தோலுக்கு. நூபக், சுவேட் போன்ற மென்மயிர்த் தோலுக்கு நுரையும் கிரீமும் ஆகாது. அவற்றுக்கு உலர்தூரிகையும் தனி ரப்பர்க் கட்டியும்தான்.

தொடக் கூடாதவை

பாத்திரம் துலக்கும் சோப்பு, துணி சோப்பு, சமையல் சோடா, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர். தோல் இயல்பாகவே அமிலத் தன்மை உடையது, அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 3.5க்கும் 5க்கும் இடையில் நிற்கும். சாதாரணச் சோப்பின் பிஎச் 9 முதல் 10. அந்தக் காரம் நாரையும் சாயத்தையும் கொழுப்பையும் பிணைத்து வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. ஒருமுறையில் தெரியாது, ஓராண்டில் தெரியும்.

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி. தடவிய அன்று மின்னும். பிறகு காறும், கருக்கும், தூசி பிடிக்கும். பூச்சில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே இறங்கி விளிம்புகளைத் தூக்கிவிடும். பின்னாளில் நிறம் அடிக்கப் போனால் எண்ணெய் ஊறிய இடத்தில் எதுவும் ஒட்டாது. சிலிகான் மினுக்கு ஸ்பிரேக்கும் இதே குற்றச்சாட்டு. ஷூ பாலிஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடுத்த நாள் உட்கார்ந்தவரின் வெள்ளை உடையில் அது தெரியும்.

ஈரத் துடைப்பான் தாள்களை அவசரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தினால் குடி முழுகாது. தினமும் துடைத்தால் அதிலுள்ள கழுவுபொருளின் மிச்சம் படிந்து பூச்சை மங்கச் செய்யும். மெலமைன் ஸ்பாஞ்ச் "மாயமாக" கறை போக்குவது மேற்பரப்பைச் சுரண்டித்தான். சுவரில் அது சரி, சோபாவில் நிறம் போகும்.

வெயிலும் வெப்பமும்

சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. தோலின் ஒளித் தாங்குதிறனை நீலக் கம்பளி அளவுகோல் என்ற அளவில் 1 முதல் 8 வரை மதிப்பிடுவார்கள், எண் கூடக் கூட வெளுப்பது குறையும். ஐரோப்பிய சோபாத் தோல் தரத்தில் பிக்மென்ட் வகைக்கு 5 வேண்டும், அனிலைனுக்கு 3 இருந்தாலே போதும். அனிலைன் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி. நேர் வெயில் விழும் இடத்தில் அனிலைன் சோபா போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் திரை போடுங்கள். அறைச் சூடேற்றியிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும், குளிர்சாதனக் காற்று நேராக மேலே அடிக்காமலும் இருக்கட்டும். சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் முதுகுப்புறத்தில் பூஞ்சை வரும் வாய்ப்பு குறையும்.

பூஞ்சை வந்துவிட்டால் காரணம் ஈரப்பதம், 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது தளிர்க்கும். முகக்கவசம் போட்டு, முடிந்தால் வெளியே எடுத்து, உலர்தூரிகையால் தட்டி, தோல் கிளீனரால் துடைத்து, காற்றோட்டத்தில் முழுதாக உலரவிடுங்கள். வெயிலில் காயப்போடுவது ஒரு நோய்க்கு இன்னொரு நோய். ஃபோமுக்குள் பூஞ்சை நாற்றம் இறங்கியிருந்தால் ஃபோமை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கறைகள்

நீரோ தேநீரோ சிந்தினால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். அனிலைனில் வட்டக்கறை விழுந்தால், காய்ச்சி வடித்த நீர் நனைத்த துணியால் அந்தப் பலகம் முழுதையும் சீராக ஈரமாக்கிக் காயவிட்டால் வட்டத்தின் விளிம்பு கரையும்.

எண்ணெய்க் கறைக்கு நீர் கூடாது. ஒற்றியெடுத்துவிட்டு, டால்கம் பவுடரோ சோளமாவோ தடிமனாகத் தூவி 8 முதல் 12 மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். தேவையானால் இரண்டாம் இரவும். அனிலைனில் சிறு எண்ணெய்ப் பொட்டு சில வாரங்களில் தோலுக்குள் பரவித் தானாகவே மங்குவதும் உண்டு. அவசரப்பட்டு அதைத் தேய்த்துப் பெரிதாக்கியவர்கள்தான் அதிகம்.

பால்பாயிண்ட் மை பட்டால் முதல் 24 மணி நேரம் முக்கியம். பிக்மென்ட் தோலில் மைக்கென்று விற்கும் குச்சியை மைக்கோட்டின் மேல் மட்டும் உருட்டி உடனே ஒற்றுங்கள். ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அது மையோடு நிறத்தையும் கரைக்கும், கறை இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய வெள்ளைத் திட்டு மிஞ்சும். நாள்பட்ட மையை எடுக்க முயலாதீர்கள், அதன்மேல் நிறம் அடித்து மூடுவதே எளிது. அனிலைனில் மை இறங்கிவிட்டால் அது அங்கேயேதான்.

வெளிர்நிற சோபாவில் புது ஜீன்ஸின் நீலம் ஏறுவது கறை அல்ல, சாய இடம்பெயர்வு. ஒன்றிரண்டு வாரத்துக்குள் கிளீனரால் போகும். மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் ஊறிவிடும். வெளிர்நிற சோபா வைத்திருப்பவர்கள் பாதுகாப்புக் கிரீமைத் தவறவிடாமல் பூசுவதற்கு இதுவே போதுமான காரணம்.

குழிந்த இருக்கை

இதற்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை. ஃபோமின் தரத்தை அடர்த்தியால் பாருங்கள், அதாவது ஒரு கன மீட்டரின் எடை. கையால் அமுக்கிப் பார்த்து "கெட்டியாக இருக்கிறது" என்று முடிவுசெய்வது தவறு. கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம், அது சீக்கிரம் நொறுங்கும். 25 கிலோவுக்குக் கீழ் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டில் குழி விழும். 30 முதல் 35 கிலோ இருந்தால் 6 முதல் 8 ஆண்டு. 40 கிலோவுக்கு மேல் பத்தாண்டைத் தாண்டும்.

கழற்றக்கூடிய மெத்தையானால் மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இருக்கை மட்டும் தேய்வது குறையும். கைப்பிடியின் மேல் உட்காருவதை நிறுத்தினால் சட்டத்தின் இணைப்புகளும் தப்பும்.

ஃபோமை மாற்றும்போது உறையின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். மேலே 2 சென்டிமீட்டர் பாலியெஸ்டர் பஞ்சு சுற்ற வேண்டும். 6 ஆண்டில் தோல் நீண்டிருக்கும், பழைய அளவிலேயே ஃபோம் போட்டால் சுருக்கம் அப்படியே நிற்கும். புது சோபாவிலும் முதல் ஆறு மாதத்தில் இருக்கையில் மென்சுருக்கம் விழுவது இயல்பு, அது குறையல்ல.

மெத்தையை எடுத்ததும் அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டைகளையும் வளைவு ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். ஸ்பிரிங் கொக்கியிலிருந்து கழன்றிருந்தாலோ பட்டை தொங்கினாலோ, எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் ஓராண்டில் மறுபடி குழியும். இதைச் சோதிக்காமல் ஃபோம் மாற்றுவது வீண்செலவு. சட்டத்தைச் சோதிக்க முன்கால் ஒன்றை 15 சென்டிமீட்டர் தூக்குங்கள். அதற்குள் மற்ற முன்காலும் தரையைவிட்டு எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுகுகிறது.

உங்கள் சோபாவை மீட்கும் வழி

பிசுபிசுப்பு எவ்வளவு ஆழம் என்று முதலில் பாருங்கள். தலை சாயும் இடத்தை மேலே சொன்னபடி நுரையால் சுத்தம் செய்து 24 மணி நேரம் விடுங்கள். ஒட்டல் போயிருந்தால் பூச்சு தப்பியது, சுத்தமும் பாதுகாப்புக் கிரீமும் போதும். மறுபடி ஒட்டினால் தோலுக்கான எண்ணெய் உறிஞ்சி, அதாவது தெளித்ததும் கொழுப்பை இழுத்து வெண்பொடியாகக் காயும் ஸ்பிரே, இரண்டு முறை அடித்துத் துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விரலில் நிறம் வந்தால் பூச்சு செத்துவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

பிக்மென்ட் தோலில் அதை வீட்டிலேயே செய்யலாம். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து இளகிய பூச்சைத் துடைத்தெடுங்கள். இதுவரை ஆகாது என்று சொன்ன ஆல்கஹால் இங்கே மட்டும் கருவி. காய்ந்ததும் 600 எண் உப்புத்தாளால் விளிம்புகளை லேசாகத் தீட்டித் தூசி துடையுங்கள். வெடிப்பு இருந்தால் வளையும் தன்மையுள்ள தோல் நிரப்பியை மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பிறகு நீர் அடிப்படையிலான தோல் நிறமியை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, மூன்று நான்கு மெல்லிய கோட்டு. ஒரே தடித்த கோட்டாக அடித்தால் உட்காரும்போது வெடிக்கும். கடைசியில் மேற்படலம் இரண்டு கோட்டு, பழைய பளபளப்புக்கு ஒத்ததாக. 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள், முழு இறுக்கம் பெற ஏழு நாள் வரை ஆகும். நிறப் பொருத்தத்துக்கு மெத்தையின் அடிப்பக்கத்து நிறத்தைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். வெளுத்த மேற்பக்கத்தைக் காட்டினால் அந்த வெளுப்புதான் வரும்.

அனிலைனுக்கு இந்த வழி பொருந்தாது. நிறமி அடித்த நொடியில் அது அனிலைனாக இருப்பதை நிறுத்திவிடும். அங்கே எண்ணெய் ஊறல் ஆழமாக இருந்தால் அந்த ஒரு பலகத்தை மட்டும் மாற்றித் தைப்பதே நல்லது.

கிழிசல் இருந்தால், கிழிசலைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதான துணித்துண்டை வெட்டி, மூலைகளை உருட்டி, உள்ளே நுழைத்து விரித்து, வளையும் பசையால் ஒட்டி, மேல் விளிம்புகளைச் சேர்த்து அழுத்துங்கள். அதன்மேல் நிரப்பி, நிறமி. சூப்பர் பசை கல்லாக இறுகி அடுத்த மடிப்பிலேயே பக்கத்தில் கிழியும்.

உள்பக்கம் பார்த்தபோது துணி தெரிந்திருந்தால், அதாவது பாண்டட் அல்லது ரெக்ஸின் என்றால், இவை எதையும் செய்ய வேண்டாம். அங்கே உரிவது நிறம் மட்டுமல்ல. காற்றின் ஈரம் பாலியூரித்தேன் படலத்தை வேதியியல்படி உடைத்து, அடித்தளத்திலிருந்து கழற்றிவிட்டது. மேலே எது அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரியும். மேலுறை போட்டுச் சில காலம் ஓட்டலாம், அல்லது சட்டம் உறுதியாக இருந்தால் முழுதாக வேறு துணியோ தோலோ போர்த்தலாம்.

தோல்தான் என்று உறுதியானால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் எண்ணெய் நீக்கிச் சுத்தம், அடுத்து பட்டையும் ஸ்பிரிங்கும், அதன்பின் ஃபோம், கடைசியில்தான் நிறம். நிறத்தை முதலில் அடித்துவிட்டு ஃபோமை மாற்றினால், புது ஃபோமின்மேல் உறையை இழுத்து மாட்டும்போது காயாத பூச்சு சுருக்க ஓரங்களில் வெடித்துவிடும். மறுபடி அதே வேலைதான்.